மாமியார் வீட்டுப் பக்கம் திரும்பிய ஆன்டெனா

“இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு அவரைக் கேளுங்க” என்றார் மாமியார்.

கேட்கப்பட வேண்டிய அந்த ‘அவர்’ கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் மாமனார் வாயில் இருந்ததை மென்று விழுங்கி, மெதுவாகத் திரும்பி, “மாப்ள, இன்னும் கொஞ்சம் போடட்டுமான்னு கேக்கறா” என்றார்.

“போதும் மாமா.”

“போதுமாம்.”

“எனக்குக் காது கேக்கும்” என்றார் மாமியார்.

கேட்டால் என்ன? அந்த வீட்டில் மாப்பிள்ளையின் பேச்சு மாமனார் வழியாகப் போனால்தான் செல்லும். கல்யாணமாகி ஆறு வருடமாக இந்தத் தபால் சேவை ஞாயிற்றுக்கிழமைகூட விடுமுறை இல்லாமல் நடக்கிறது. மாமனாருக்கு அலுப்பே கிடையாது. சொல்லப்போனால் அந்த வீட்டில் அவருக்கு இருந்த ஒரே பதவி அதுதான்.

மாப்பிள்ளைக்கு வேலை செல்போன் டவரில் ஏறுவது. இடுப்பில் பெல்ட், பெல்ட்டில் கொக்கி, கொக்கியில் உயிர். மேலே போய் ஆன்டெனா மாட்டுவான், கேபிள் மாற்றுவான், போல்ட்டு முடுக்குவான். பெண் கேட்டு முதல்முதலாக இந்த வீட்டுக்கு வந்த அன்று, பாவம், வேலை முடிய நேரமாகிவிட்டதால் பெல்ட்டும் கொக்கியுமாகக் கணகணவென்று வந்து வாசலில் நின்றான். தண்ணீர்த் தொட்டி ரிப்பேருக்கு ஆள் சொல்லிவிட்டுக் காலையிலிருந்து காத்திருந்த மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பதான் வர்ற நேரமா? மாடிக்கு வழி அந்தப் பக்கம். செருப்பைக் கழட்டிட்டு ஏறு” என்றார். அவனும் மறுபேச்சு பேசாமல் ஏறிப்போய்த் தொட்டியைச் சரிசெய்துவிட்டு இறங்கி வந்தான். அதற்குப் பிறகுதான் மகள் அடித்துப் பிடித்து ஓடிவந்து, “அம்மா, இவர்தாம்மா அவரு!” என்றாள்.

மாமியார் அவனிடம் நேராகப் பேசியது அவ்வளவுதான். மகள் தானாகப் பார்த்துக்கொண்ட மாப்பிள்ளை என்ற கோபம் பாதி, தொட்டியில் ஏற்றிவிட்டோமே என்ற கூச்சம் பாதி. எது எவ்வளவு என்று இப்போது அவருக்கே தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு மகளும் மாப்பிள்ளையும் மாடி அறைக்கே குடிவந்துவிட்டார்கள். சாப்பாடு கீழே. பேச்சு மட்டும் கிடையாது.

“எங்கம்மா பேசாம இருக்கறது நீங்க செஞ்ச புண்ணியம்” என்பாள் மனைவி. “எங்கிட்ட பேசறதுல பாதியை வேணா எடுத்துக்கோங்க.”

அவனுக்கு அது சிரிப்பாக இல்லை. சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன். ‘வந்துட்டீங்களா’ என்று நிமிர்ந்து பார்த்து ஒரு வார்த்தை. அதுகூட வேண்டாம், ‘ஏன் இவ்வளவு நேரம்’ என்று ஒரு திட்டு. அத்தை முகம் பார்த்துத் திட்டினால்கூட ஜென்மம் சாபல்யம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். வெளியே சொன்னால் கூட வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தின் தலையில்தான் அந்த டீவிக்காரன் கல்லைத் தூக்கிப் போட்டான்.

மாமியார் பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு சீரியல் பார்க்கிறார். பெரிய வீட்டம்மா ஒருத்தி, அவளுடைய மூன்று மகள்கள், மூன்று மருமகன்கள், அடிக்கடி ஞாபகம் போய்ப் போய்த் திரும்பிவரும் ஒரு வக்கீல். வீட்டில் நாற்காலிகள் எல்லாமே அந்த டீவியைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். திடீரென்று ஒருநாள் திரையின் கீழே எழுத்து ஓடியது: திங்கள்கிழமை முதல் இத்தொடரை எங்கள் ஆப்பில் மட்டுமே காணலாம்.

“மட்டும்னா என்னங்க அர்த்தம்?” என்று மாமியார் அலறினார்.

“டீவில வராது. போன்ல வரும்” என்றார் மாமனார். “காலம் மாறிப்போச்சு. நானே பேப்பரை நிறுத்தலையா? எல்லாத்தையும் முந்தின நாளே போன்ல படிச்சிட்டு, காலைல காசு குடுத்து அதையே வாங்கறதுக்கு நான் என்ன பைத்தியமா?”

“பேப்பர் நின்னதுலேர்ந்து அலமாரில விரிக்க ஒரு தாள் இல்ல, இவரு பெருமை பேசறாரு! போன்ல எங்க வரும்? என் தங்கச்சி பேசறதே விட்டு விட்டு வருது. இந்த வீட்டுல டவர் எங்க இருக்கு?”

அதுதான் விஷயம். அந்த வீட்டில் டவர் கிடையாது. எதிரே நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழும்பியதிலிருந்து சுத்தமாக இல்லை. நெட்டுக்குத் தனியாகக் கேபிள் இழுக்கலாமென்றால் புதிதாகப் போட்ட ரோட்டைத் தோண்டக் கூடாதென்று உத்தரவு. மொட்டைமாடித் தொட்டி மேல் போனை வைத்தால் ஒரு கோடு வரும். அங்கே ஏற மாமியாரின் முழங்கால் சம்மதிக்காது. ‘டவர்காரர் வீட்டுலயே டவர் இல்லையாம்’ என்று தெருவே சிரித்தது. மாப்பிள்ளை அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடந்து வெகு நாளாயிற்று.

திங்கள்கிழமை மாமியார் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பெரிய வீட்டம்மாவின் பாதி மூக்கு தெரிந்தது, மறுபடி வட்டம். அவர் கண் கலங்கியதை மாப்பிள்ளை மாடிப்படியிலிருந்து பார்த்தான். அவனுக்குப் பொறுக்கவில்லை. அந்த நிமிஷத்தில்தான் அவனுக்குப் புத்தி கெட்டது.

மறுநாள் அவனுக்கு வேலை அந்த வட்டாரத்துக்கான டவரில்தான். ஒரு கேபிளை மாற்றவேண்டும், அவ்வளவுதான். ஆன்டெனாக்கள் மேலே ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. எது எந்தத் திசை பார்க்கவேண்டும் என்பதைப் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆபீசில் உட்கார்ந்து முடிவு செய்வார்கள். ஏறுகிறவன் அதைத் தொடக் கூடாது. ஆனால் ஆன்டெனாவுக்குத் தலை திரும்பிவிட்டது என்பது ஆபீஸ் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது மேலே ஏறுகிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அங்கிருந்து பார்த்தால் வீட்டு மொட்டைமாடியில் காயும் துணிகூடத் தெரிந்தது. மாப்பிள்ளை இரண்டு போல்ட்டைத் தளர்த்தினான். ஆன்டெனாவைக் கொஞ்சமே கொஞ்சம், கட்டட விளிம்பைத் தாண்டுமளவுக்கு, திருப்பினான். மறுபடி முடுக்கினான். யாராவது பார்க்கிறார்களா என்று கீழே ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினான்.

அன்று சாயங்காலம் வீட்டில் டவர் கொட்டோ கொட்டென்று கொட்டியது. பெரிய வீட்டம்மாவின் மூக்கு முழுசாகத் தெரிந்தது. மூக்குத்தியில் கல் எத்தனை என்றுகூட எண்ணலாம்.

“கம்பெனிக்காரனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு போல” என்று மாமியார் கணவரிடம் சொன்னார்.

மாப்பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. உயிரைப் பணயம் வைத்துச் செய்தது யார், பேர் வாங்குவது யார்! வெளியே சொல்லவும் முடியாது. மனைவியிடம் மட்டும் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அப்பாவிடம் மட்டும் சொன்னாள். மாமனாரிடம் ரகசியம் சொல்வதும் கோயில் மணியில் கட்டித் தொங்கவிடுவதும் ஒன்று என்று பிறந்ததிலிருந்து அவரைப் பார்த்துவரும் மகளுக்கே தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

இரண்டு நாள் கழித்து மாமியாரின் தங்கை வந்து இறங்கினாள். கையில் துணிப்பை, கழுத்தில் மாலை மாதிரி சார்ஜர் ஒயர்.

“என்ன மாயமோ தெரியலக்கா, எங்க தெருவுல திடீர்னு டவரே செத்துப்போச்சு. வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. உன் வீட்டுல நல்லா வருதாமே? சீரியல் முடியற வரைக்கும் இங்கதான்.”

மாப்பிள்ளை மெதுவாக மாடிப்படிப் பக்கம் நகர்ந்தான். ஒரு பக்கம் தலையைத் திருப்பினால் இன்னொரு பக்கம் முதுகு காட்டத்தானே வேண்டும்? அந்த முதுகுப் பக்கத்தில் சின்ன அத்தை குடியிருப்பதை அவன் மேலே இருந்தபோது யோசிக்கவே இல்லை.

அக்காவும் தங்கையும் ஒரு போனைத் தம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்து பார்த்தார்கள். ஒட்டி உட்கார்ந்ததுதான் வினை. தங்கைக்கு வாய் சும்மா இருக்காது. “இப்ப பாரு, இவதான் விஷம் வெப்பா” என்பாள். வைத்துவிட்டால், “நான் சொல்லலை?” என்பாள். வைக்காவிட்டால், “நாளைக்கு வெப்பா” என்பாள். மாமியார் பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாள் தாங்கினார்.

ஐந்தாம் நாள் தங்கை, “என்ன இருந்தாலும் உன் மாப்ளைய விட என் மாப்ள கெட்டிக்காரருக்கா. ஏசி ரூம்ல உக்காந்து கம்ப்யூட்டரத் தட்டறாரு” என்றாள். மாமனாருக்குப் பொறுக்கவில்லை. “தட்டி என்ன பிரயோஜனம்? உன் வீட்டுல டவர் வந்துச்சா? எங்க மாப்ள ஒரு திருகு திருகினாரு, டவரே இந்தப் பக்கம் வந்துடுச்சு” என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது.

“அடிப்பாவி அக்கா! என் டவரைத் திருடிட்டு எனக்கே காட்டறீங்களா? உன் மாப்ள வேலை பாக்கறாரா, வழிப்பறி பண்றாரா?”

“வாயை அளந்து பேசு!” மாமியார் எழுந்தேவிட்டார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போயிற்றோ. “எங்க மாப்ளைய ஒரு வார்த்தை சொன்னே, தங்கச்சின்னுகூடப் பாக்க மாட்டேன். எனக்காகத்தான செஞ்சாரு? உன் மாப்ள உனக்காக ஒரு பல்பு மாட்டியிருப்பாரா?”

மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். எங்க மாப்ள. ‘அவரு’ இல்லை, ‘மாடியில இருக்கறவரு’ இல்லை. எங்க மாப்ள! தடதடவென்று கீழே இறங்கி வந்தான். தங்கை துணிப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள். மாமியார் அவனைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு, “அவருக்கு டீ வேணுமான்னு கேளுங்க” என்று கணவரிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

போன தங்கை சும்மா இருப்பாளா? கம்பெனிக்குப் புகார் போட்டாள், தெருவையே போட வைத்தாள். சூப்பர்வைசர் மாப்பிள்ளையை டவர் அடிக்கு வரச்சொன்னார்.

“ஆன்டெனா ஏன்யா திரும்பியிருக்கு?”

“காத்து சார். போன வாரம் பலமா அடிச்சுதுல்ல.”

“ஓஹோ. காத்துக்கு ஸ்பேனர் யாரு குடுத்தது?”

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். அவருக்கும் மாமியார் இருந்தார். “மேல எழுதினா உனக்கு வேலை போயிடும். எழுதல. இப்பவே ஏறி இருந்த இடத்துல வை. இன்னொரு தரம் காத்தடிச்சா நானே உன்னைத் தள்ளிவிட்டுடுவேன்” என்றார். மாப்பிள்ளை ஏறினான். இரண்டு போல்ட்டு, ஒரு திருகு. மொட்டைமாடித் துணிகளைப் பார்க்காமலேயே இறங்கிவந்தான்.

மறுபடி வட்டம். மாமியார் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அணைத்திருந்த டீவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தங்கை வீட்டில் இப்போது டவர் இருக்கிறது, ஆனால் அந்த வாசலை மிதிப்பதற்கு அவர் வேறு ஆளாகப் பிறக்கவேண்டும். மாப்பிள்ளை வேலையிடத்தில் சீரியலைத் தன் போனில் ஓடவிட்டுப் பதிவு செய்து எடுத்துவர முயன்று பார்த்தான். ஆப்புக்காரன் அதற்கும் பூட்டுப் போட்டிருந்தான்: முழுக்கக் கறுப்பாகத்தான் பதிவாகியிருந்தது.

கடைசியில் சாப்பிடும்போது அவனே தயங்கித் தயங்கிச் சொன்னான். “மாமா, மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நான் அதைப் பாத்துட்டு வந்து சொல்லவா?”

“மாப்ள பாத்துட்டு வந்து—”

“காது கேக்குதுங்க” என்றார் மாமியார். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, “சொல்லச் சொல்லுங்க” என்றார்.

முதல் நாள் அவன் கதை சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். “ரெண்டு பேர் வந்தாங்க. சண்டை போட்டாங்க. போயிட்டாங்க. வேலை முடிஞ்சுது.”

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே. “யாரு வந்தா, எந்த வாசல் வழியா வந்தா, மூத்தவ என்ன கலர் கட்டியிருந்தா, எல்லாம் கேளுங்க” என்றார். மாமனார் ஒவ்வொன்றாகக் கேட்டார். மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான்.

மறுநாளிலிருந்து உஷாராகிவிட்டான். டவர் அடியில் நிழலில் உட்கார்ந்து, சாப்பாட்டுப் பொட்டலம் ஆறுவது தெரியாமல், கண் கொட்டாமல் பார்த்தான். கூட இருந்தவர்கள் ‘அத்தையம்மா’ என்று பட்டப்பேர் வைத்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும். கலர் பார்த்தான், வாசல் பார்த்தான், யார் யாரை ஓரக்கண்ணால் பார்த்தார்கள் என்று பார்த்தான். சாயங்காலம் வந்து முகம் கழுவி உட்கார்ந்தால் கதை முக்கால் மணி நேரம் ஓடும். “வக்கீலுக்கு மறுபடி ஞாபகம் போச்சு மாமா. இது ஆள் பிரச்சினை இல்ல, எங்கயோ லூஸ் கனெக்ஷன்” என்றான் ஒருநாள். மாமியார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஆனாலும், “அப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க” என்பதுதான். கேளுங்க, கேளுங்க, கேளுங்க. சிரிப்பு நேராக வந்தது; வார்த்தை மட்டும் சுற்றிக்கொண்டு வந்தது. அவனுக்கு அதுவே போதும் போலவும் இருந்தது, போதாமலும் இருந்தது.

மூன்று வாரம் இப்படிப் போயிற்று. அப்புறம் ஒருநாள் அவனைத் தூரத்து மலைமேல் ஒரு டவருக்கு அனுப்பிவிட்டார்கள். டவரே ரிப்பேர், அங்கே சீரியல் எங்கே ஓடும்? விடியற்காலையில் போனவன் இறங்கி வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமென்றுதான் வந்தான். ஆனால் மாமியார் ஏற்கெனவே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீவிப் பக்கம் இல்லை, அவன் உட்காரும் பக்கம். அதைப் பார்த்த பிறகு எந்த மடையன் பார்க்கவில்லை என்று சொல்வான்?

“இன்னிக்கு என்ன ஆச்சுன்னு கேளுங்க” என்றார் மாமியார்.

மாப்பிள்ளை தொண்டையைக் கனைத்தான். “இன்னிக்கு ஆஸ்பத்திரி மாமா. மூத்த மருமகன், அந்த டிரைவர், வெளியே பெஞ்சுல உக்காந்திருக்கான். ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல.”

சமையலறை வாசலில் மனைவி நின்று வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அவள் உருகிப்போய் ஆட்டுகிறாள் என்று நினைத்து அவனுக்கு இன்னும் வேகம் வந்தது.

“அப்ப பெரிய வீட்டம்மா கதவைத் திறந்துட்டு வர்றாங்க. பச்சைக் கலர். மருமகன் எழுந்து நிக்கறான். அந்தம்மா அவன்கிட்ட ஒரு நாளும் பேசினதில்ல, உங்களுக்குத் தெரியும். போயிடுவாங்கன்னு பாத்தா, போகல. அவன் எதிர்ல வந்து நின்னாங்க. நின்னு...” தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். “‘எதுக்குப்பா நான் உங்கிட்ட பேசாம இருந்தேன்? எனக்கே மறந்துபோச்சு’ன்னு கேட்டாங்க. அவனுக்குப் பதில் சொல்லத் தெரியல. அழுதுட்டான். அவ்வளவுதான் மாமா. தொடரும் போட்டுட்டான்.”

மனைவி நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். மாமனார் மட்டும், “அடடா, நல்ல கட்டமா இருக்கே!” என்றார்.

“அது நீலம்” என்றார் மாமியார்.

மாப்பிள்ளை நிமிர்ந்தான். அவர் மாமனாரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அந்தம்மா இன்னிக்குக் கட்டியிருந்தது நீலம். ஆஸ்பத்திரியும் இல்ல, பெஞ்சும் இல்ல. அவனைக் கழுத்தப் பிடிச்சு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திட்டா. நான் பாத்தேன்.”

மாப்பிள்ளை மனைவி பக்கம் திரும்பினான். அவள் வாயைத் திறந்தாள். “காலைல நம்ம தெருமுனைக் கம்பத்துல உங்க கம்பெனி ஆளுங்க ஒரு டப்பாவை மாட்டிட்டுப் போனாங்க. புது மாதிரியாம். நீங்க அங்க இங்க திருப்பினதுல ரெண்டு தெருக்காரங்களும் மாத்தி மாத்திக் கம்ப்ளைன்ட் பண்ணிட்டாங்களாம். இப்ப டவர் கொட்டுது. அம்மா மத்தியானமே உக்காந்து பாத்துட்டாங்க. நான் தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்தே சுளுக்கிக்கிச்சு!”

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை, “தப்புதான் அத்தை. பாக்கல. சும்மா, தோணினதைச் சொல்லிட்டேன்” என்றான்.

மாமியார் எழுந்தார். போனை எடுத்து அலமாரியில் வைத்தார். திரும்பி வந்து சாப்பாட்டுப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆவி பட்டதாகத்தான் எல்லோரும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

“சீரியல்காரன் எடுத்தது நல்லாவே இல்ல. நீங்க சொன்னதுதான் சரி” என்றார். “மலை ஏறிட்டு வந்திருக்கீங்க. கையைக் கழுவிட்டு வாங்க மாப்ள, ஆறிப்போகுது.”

மாமனார் பழக்க தோஷத்தில் திரும்பி, “மாப்ள, கையைக் கழுவிட்டு வரச் சொல்றா” என்றார்.

“நான் அவர்கிட்டதான் சொன்னேன்” என்றார் மாமியார். “நீங்க எதுக்கு நடுவுல?”